குமரி எல்லையில் பழைய ஸ்டீரியோ ஆம்ப்ளிஃபையர் வாங்குவோருக்கு

தமிழக-கேரள எல்லையிலுள்ள களியக்காவிளைக்கு இப்புறம் குழித்துறை, மார்த்தாண்டம், நாகர்கோவில். அப்புறம் பாறசாலை, நெய்யாற்றின்கரை, திருவனந்தபுரம். இந்த இரு புறத்து ஊர்களிலிருந்தும் 1970களிலும் 80களிலும் வளைகுடா நாடுகளுக்கு வேலைக்குப் போனவர்கள் ஏராளம். விடுமுறைக்கு வரும்போது அவர்கள் கொண்டுவந்த அகாய், சான்சூய், பயனியர், சோனி, டெக்னிக்ஸ் செட்டுகள் அன்று வீட்டு முன்னறையில் கண்ணாடி அலமாரிக்குள் இடம்பிடித்தன. இன்று வீட்டை இடித்துக் கட்டும்போதோ பாகம் பிரிக்கும்போதோ அவை பரணிலிருந்து இறங்கி, காயலான் கடைக்கும் எல்லைக்கு அப்புறம் ஆக்ரிக் கடை எனப்படும் அதே வகைக் கடைக்கும் இணையத்தின் பழைய பொருள் சந்தைக்கும் வந்து சேர்கின்றன. புதிதாக வாங்கினால் பெருந்தொகை கேட்கும் தரமான ஒலியைச் சிறு தொகையில் வீட்டுக்குக் கொண்டுவர இந்தப் பகுதியில் வாழ்பவர்களுக்கு இருக்கும் வாய்ப்பு மற்ற பல இடங்களில் இல்லை.

ஆனால் அந்த வாய்ப்பு கைகூடுவதற்கு ஒரு நிபந்தனை உண்டு. முதன்முறையாக வாங்குபவர் பெயர்ப்பலகையையும் வாட் எண்ணிக்கையையும் பார்த்து முடிவெடுக்கக் கூடாது. நாற்பது ஆண்டு பழைய மின்கருவி என்றாவது ஒருநாள் பழுதாகும். அன்றைக்கு உங்கள் ஊர் மெக்கானிக்கால் அதைத் திறந்து, சந்தையில் கிடைக்கும் உதிரிபாகத்தைக் கொண்டு சரிசெய்ய முடியுமா என்பதே முதல் கேள்வி. புகழ்பெற்ற பெயர் கொண்ட, ஆனால் உதிரிபாகம் கிடைக்காத செட்டைவிட, அடக்கமான, முழுமையான, கைபடாத, பழுதுபார்க்கத்தக்க ஒரு செட் தொடக்கக்காரருக்குப் பல மடங்கு மேலானது. இனி நான் சொல்லப்போகும் எல்லாம் இந்த ஒரு முடிவிலிருந்து வருபவையே.

எந்தக் காலத்துச் செட்டைத் தேடுவது

ஏறத்தாழ 1972 முதல் 80களின் நடுப்பகுதி வரை தயாரான, தனித்தனி டிரான்சிஸ்டர்களால் ஆன இன்டகிரேட்டட் (எல்லாப் பகுதிகளும் ஒரே பெட்டியில் சேர்ந்த) ஆம்ப்ளிஃபையர்களைத் தேடுங்கள். அவற்றில் உள்ளே இடம் தாராளமாக இருக்கும். பலகையில் ஒவ்வொரு பாகமும் கண்ணுக்குத் தெரியும். மின்சுற்று வரைபடம் (சர்க்யூட் டயகிராம்) பெரும்பாலும் இணையத்தில் கிடைக்கும். எரிந்துபோன டிரான்சிஸ்டருக்கு ஈடான வேறொன்றை அனுபவமுள்ள மெக்கானிக்கால் போட முடியும். அதற்கு முந்தைய வால்வு செட்டுகள் அழகானவை என்பதில் ஐயமில்லை. ஆனால் அவற்றுக்குள் 300 வோல்ட்டுக்கு மேற்பட்ட நேர்மின்னழுத்தம் (டி.சி.) இருக்கிறது. முதல் கருவியாக அது வேண்டாம்.

80களின் நடுப்பகுதிக்குப் பிறகு வந்த செட்டுகளில் ஒரு மாற்றம் நிகழ்ந்தது. வெளியீட்டுப் பகுதி முழுவதையும் ஒரே தடித்த கறுப்புக் கட்டியாக அடைத்த, சான்யோ நிறுவனத்தின் எஸ்.டி.கே. வகை ஐ.சி.க்கள் பரவலாயின. அவை வேலை செய்யும்வரை நன்றாகவே பாடும். ஆனால் அசல் எஸ்.டி.கே. இப்போது தயாரிப்பில் இல்லை. கடைகளில் அதே எண் அச்சிட்ட போலிகள் நிறைய உலவுகின்றன. போலியைப் போட்டால் ஒலி கெடுவதோடு நிற்காது. அது வெடித்து ஸ்பீக்கரையும் கூடவே கொண்டுபோகலாம். எனவே எஸ்.டி.கே. உள்ள செட் மிக மலிவாகவும் நல்ல நிலையிலும் கிடைத்தால் மட்டும் எடுக்கலாம். பழுதான நிலையில் எடுக்கவே கூடாது.

பெயர்களைப் பற்றிச் சிலவற்றைச் சொல்லியாக வேண்டும். சான்சூயின் ஏ.யு. வரிசை, பயனியரின் எஸ்.ஏ. வரிசை, யமாஹாவின் சி.ஏ. வரிசை, கென்வுட்டின் கே.ஏ. வரிசை ஆகியவற்றில் மேல்நிலை மாடல்களைச் சேகரிப்பாளர்கள் விலையேற்றி வைத்திருக்கிறார்கள். அதே வரிசைகளின் கீழ்நிலை, இடைநிலை மாடல்கள் இன்னும் எட்டும் விலையில் இருக்கின்றன; ஒரு சாதாரண அறைக்கு அவை தாராளம். 1978-இல் வந்த என்.ஏ.டி. 3020 ஒரு பக்கத்துக்கு (இடம், வலம் ஒவ்வொன்றுக்கும்) 20 வாட் மட்டுமே தருவதாக அறிவிக்கப்பட்டது. இருந்தும் உலகெங்கும் மலிவு ஆம்ப்ளிஃபையர்களுக்கு அது அளவுகோலாகிவிட்டது. இன்னொரு எச்சரிக்கை: அகாய், சான்சூய் என்ற பெயர்கள் பின்னாளில் கைமாறின. 90களிலும் அதற்குப் பின்னும் அந்தப் பெயரில் இந்தியச் சந்தையில் விற்ற டி.வி.க்களுக்கும் மியூசிக் சிஸ்டங்களுக்கும் பழைய ஜப்பானியத் தயாரிப்புகளுக்கும் பெயரைத் தவிர வேறு தொடர்பு தேட வேண்டியதில்லை.

1991-க்கு முன் இறக்குமதிக்குக் கட்டுப்பாடு கடுமையாக இருந்ததால், வெளிநாட்டில் உறவினர் இல்லாத குடும்பங்கள் இந்தியத் தயாரிப்புகளையே வாங்கின. கொல்கத்தாவின் சோனோடைன், மும்பையின் காஸ்மிக், பிலிப்ஸ் ஆகியவை அவற்றில் தெரிந்த பெயர்கள். இவற்றை இளக்காரமாகப் பார்ப்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. நம் ஊர் மின்சாரத்துக்கென்றே செய்யப்பட்டவை, பலவற்றில் டூ.என். 3055 போன்ற, இன்றும் எந்த எலக்ட்ரானிக்ஸ் கடையிலும் கேட்டு வாங்கக்கூடிய டிரான்சிஸ்டர்கள் இருக்கின்றன. விலையும் ஜப்பானியச் செட்டுகளைவிடக் குறைவு. ஓசையின் நுணுக்கத்தில் நல்ல யமாஹாவுக்கு அவை ஈடாகாமல் போகலாம். ஆனால் பழுதுபார்க்கும் வசதியில் அவையே முதலிடம் பெறும்.

கோவில் திருவிழாவுக்கும் தேவாலயப் பெருநாளுக்கும் பயன்பட்ட மைக் செட் ஆம்ப்ளிஃபையர்களும் பழைய பொருள் சந்தைக்கு வரும். அவை பெரும்பாலும் மோனோ. கூம்பு ஒலிபெருக்கிகளை நீண்ட கம்பியில் இயக்க 70 அல்லது 100 வோல்ட் லைன் முறையில் அமைந்தவை. உழைப்புக்குப் பெயர் பெற்றவை என்றாலும், வீட்டு ஸ்டீரியோவுக்கு அவை பொருந்தா. பழைய பெட்டிக்குள் 4440 என்ற ஐ.சி. கொண்ட பலகையோ புதிய சீனப் பலகையோ வைத்துக் கட்டிய அசெம்பிள் செட்டுகளும் அப்படியே. அவற்றை அசெம்பிள் செட் விலைக்கு வாங்குவதில் தவறில்லை, பழைய ஜப்பானியச் செட் விலைக்கு வாங்குவதில்தான் தவறு.

வாட் கணக்கு

ஒரு சாதாரண வீட்டு அறைக்கு, ஒரு பக்கத்துக்கு 20 முதல் 40 வாட் போதும். ஸ்பீக்கரின் உணர்திறன் 88 டெசிபல் என்று குறிப்பிட்டிருந்தால், ஒரே ஒரு வாட் கொடுத்தால் ஒரு மீட்டர் தூரத்தில் 88 டெசிபல் ஒலி எழும் என்று பொருள். வீட்டில் அதுவே உரத்த ஒலிதான். 20 வாட் கொடுத்தால் மேலும் 13 டெசிபல் கூடி 101 ஆகும். 20 வாட்டை 40 ஆக்கினால் கூடுவது 3 டெசிபல் மட்டுமே; காதுக்கு அது சிறிய மாற்றம். இரு மடங்கு உரக்கக் கேட்பதாகத் தோன்ற ஏறத்தாழ பத்து மடங்கு வாட் தேவைப்படுகிறது. எனவே 60 வாட் செட்டுக்காக அதிகம் கொடுப்பதைவிட அந்தப் பணத்தை நல்ல ஸ்பீக்கருக்கு ஒதுக்குவது அறிவுடைமை.

எழுதியிருக்கும் வாட் எண்ணை எப்போது நம்பலாம் என்பதும் தெரிந்திருக்க வேண்டும். அமெரிக்காவின் வணிக ஆணையம் 1974-இல் கொண்டுவந்த விதியின்படி, இரு பக்கங்களும் ஒரே நேரத்தில் தொடர்ந்து தரக்கூடிய ஆற்றலையே விளம்பரத்தில் முதன்மையாகக் குறிப்பிட வேண்டியதாயிற்று. ஆகவே அந்தக் காலத்து ஜப்பானிய நிறுவனங்கள் எழுதிய 25 வாட் என்பது உண்மையிலேயே 25 வாட். அதற்கு எதிர்முனையில் நிற்பது 80களின் இறுதியிலும் 90களிலும் பெட்டிகளின் மேல் பெரிய எழுத்தில் ஒட்டப்பட்ட, கணநேர உச்ச ஆற்றலைக் காட்டுவதாகச் சொல்லப்பட்ட பி.எம்.பி.ஓ. என்ற எண். 1000 பி.எம்.பி.ஓ. என்று எழுதிய செட் உண்மையில் சில பத்து வாட்டுகளைக்கூடத் தராமல் இருக்கலாம். கடையில் ஐயம் எழுந்தால் செட்டைத் தூக்கிப் பாருங்கள். உண்மையான ஆற்றலுக்குப் பெரிய டிரான்ஸ்ஃபார்மரும் சூட்டை வெளியேற்றும் அலுமினிய ஹீட் சிங்கும் வேண்டும். அந்தக் காலத்து 30 வாட் செட் பொதுவாகக் கையில் கனமாகவே இருக்கும்.

மின்னழுத்தம்: இங்கே அவசரம் கூடாது

இந்தப் பகுதியில் பழைய செட் வாங்கி முதல் நாளே எரித்துவிடுவதற்கு மிகப் பெரிய காரணம் மின்னழுத்தம். செட் எந்த நாட்டிலிருந்து வந்தது என்பதை வீட்டுக்காரரிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். ஐக்கிய அரபு நாடுகளிலிருந்தும் குவைத்திலிருந்தும் வந்தவை பெரும்பாலும் 220 அல்லது 240 வோல்ட்டில் இயங்கியவை. அவற்றால் சிக்கல் குறைவு. சவுதி அரேபியாவில் அக்காலத்தில் வீடுகளில் 127 வோல்ட், 60 ஹெர்ட்ஸ் மின்சாரமும் இருந்தது. அங்கே இயங்கிய செட்டின் பின்புறத்தில் மின்னழுத்தத்தைத் தேர்ந்தெடுக்கும் ஒரு சிறு திருகோ செருகு முளையோ இருக்கும். அது இன்னும் 127-இலேயே நின்றுகொண்டிருக்கலாம். அதைக் கவனிக்காமல் நம் 230 வோல்ட் பிளக்கில் செருகினால் நொடியில் ஃபியூஸும், சில வேளை டிரான்ஸ்ஃபார்மரும் போய்விடும். விற்பவர் நல்லெண்ணத்தோடு விற்றாலும் இந்தத் தகவலை அவர் மறந்திருக்கக் கூடும். சாதனத்தைக் கொண்டுவந்த தந்தை இறந்து மகன் விற்கும் வீடுகளில் அது தெரிந்திருக்கவே வாய்ப்பில்லை.

பின்புறத் தகட்டில் 220, 240 என்ற இரண்டு நிலைகள் இருந்தால் 240-ஐத் தேர்ந்தெடுங்கள். நம் ஊர்களில் மாலையில் மின்னழுத்தம் சரிவதும், நள்ளிரவுக்குப் பின் 240-ஐத் தாண்டுவதும் வழக்கம். 220-இல் வைத்த செட்டுக்கு 240 கொடுத்தால் உள்ளே எல்லா மின்னழுத்தங்களும் 9 விழுக்காடு உயரும். 48 வோல்ட்டில் இருக்க வேண்டிய கண்டென்சர் (மின்னேற்றத்தைத் தேக்கும் பாகம்) 52 வோல்ட்டைத் தாங்க நேரும், அதன் மேல் எழுதியிருப்பதோ 50 வோல்ட் என்றால் அதன் ஆயுள் முடிவுக்கு வந்துவிடும்.

ஜப்பான் நாட்டு உள்சந்தைக்கென்று செய்யப்பட்ட 100 வோல்ட் செட்டுகளும் அமெரிக்கச் சந்தையின் 120 வோல்ட் செட்டுகளும் அரிதாக வரும். அவற்றுக்குத் தனியாக ஸ்டெப்-டவுன் டிரான்ஸ்ஃபார்மர் வேண்டும். அதன் விலையைச் செட்டின் விலையோடு கூட்டிக் கணக்கிட வேண்டும். ஜப்பானின் கிழக்குப் பகுதியில் 50 ஹெர்ட்ஸ் மின்சாரம் என்பதால் ஜப்பானியச் செட்டுகள் 50, 60 இரண்டுக்கும் பொருந்துமாறு செய்யப்பட்டிருக்கும். 60 ஹெர்ட்ஸ் மட்டும் என்று குறித்த அமெரிக்கச் செட்டின் டிரான்ஸ்ஃபார்மரோ நம் 50 ஹெர்ட்ஸில் கூடுதலாகச் சூடேறும். ரேடியோவும் சேர்ந்த ரிசீவராக இருந்தால் இன்னொரு வேறுபாடு உண்டு: ஜப்பான் உள்சந்தைச் செட்டின் எஃப்.எம். அலைவரிசை 76 முதல் 90 மெகாஹெர்ட்ஸ் வரை மட்டுமே. திருவனந்தபுரம் வானொலியின் 101.9 எஃப்.எம். அதில் வராது. அமெரிக்கச் செட்டுகளின் பின்புறத்தில் பிற கருவிகளைச் செருகுவதற்கான ஏ.சி. துளைகள் இருக்கும், அவற்றை இங்கே பயன்படுத்த வேண்டாம்.

கையில் எடுத்துப் பார்க்கும்போது

செல்லும்போது ஒரு மல்டிமீட்டர், ஸ்டார் திருப்புளி, கைவிளக்கு, கைபேசியை ஆம்ப்ளிஃபையரோடு இணைக்கும் கம்பி, போனாலும் வருந்த வேண்டாத பழைய 8 ஓம் ஸ்பீக்கர் ஒரு ஜோடி, சீரிஸ் லாம்ப் ஆகியவற்றை எடுத்துச் செல்லுங்கள். சீரிஸ் லாம்ப் என்பது 60 அல்லது 100 வாட் குண்டு பல்பைத் தொடரிணைப்பில் கொண்ட எளிய போர்டு. எந்த எலக்ட்ரீஷியனிடமும் இருக்கும், இரவல் கேட்டால் தருவார்கள். எல்.இ.டி. பல்பு இதற்கு உதவாது.

முதலில் வெளிப்புறம். குமிழ்கள் எல்லாம் இருக்கின்றனவா, ஸ்பீக்கர் முனைகள் உடையாமல் உள்ளனவா, மெயின் கம்பியின் உறை விறைத்து வெடித்திருக்கிறதா என்று பாருங்கள். கம்பியை மாற்றுவது எளிது. காணாமல்போன குமிழுக்கு இணையானது கிடைப்பது அரிது. பிறகு குளச்சல், தேங்காய்ப்பட்டணம், பூவார் போன்ற கடலோரத்து வீட்டிலிருந்து வரும் செட்டா, உள்நாட்டு வீட்டிலிருந்து வரும் செட்டா என்பதைக் கவனிப்பது நல்லது. உப்புக்காற்று பட்ட செட்டின் மேல்மூடியில் துரு இல்லாவிட்டாலும் உள்ளே சுவிட்சுகளின் தொடுமுனைகளும் திருகுகளும் பச்சை பூத்திருக்கலாம். உள்ளூர்க்காரரான நாம் நேரில் போய்ப் பார்க்க முடிவது பெரிய வசதி. தொலைவிலிருந்து கூரியரில் வரவழைத்தால், கனமான டிரான்ஸ்ஃபார்மர் ஆட்டத்தில் தன் பிடியிலிருந்து பெயர்ந்து பலகையை முறிக்கும் ஆபத்தும் இருக்கிறது.

அடுத்து மூடியைத் திறக்க அனுமதி கேளுங்கள். திறக்கவே கூடாது என்று விற்பவர் மறுத்தால் விலையைப் பேசாமல் திரும்பிவிடலாம். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் பெரிய கண்டென்சர்களில் மின்னேற்றம் சிறிது நேரம் தங்கியிருக்கும் என்பதால், பத்து நிமிடமாவது பொறுத்த பின் திறந்து, எதையும் தொடாமல் கண்ணால் மட்டும் பாருங்கள். தூசி படிந்திருப்பது குறை அல்ல. நீண்ட காலம் எவர் கையும் படவில்லை என்பதற்கு அதுவே சான்றாகலாம். பல்லி எச்சமும் எறும்புப் புற்றும் பலகையில் இருந்தால் அந்த இடத்தில் செம்புத் தடங்கள் அரித்திருக்கக் கூடும். பெரிய கண்டென்சர்களின் தலை உப்பியிருக்கிறதா, அடியில் பிசின் போன்ற கசிவு இருக்கிறதா என்று கவனியுங்கள். சில நிறுவனங்கள் கண்டென்சரை ஒட்டுவதற்குப் பயன்படுத்திய பசையும் பழுப்பாகக் காய்ந்து கசிவு போலத் தெரியும் என்பதால் ஐயமிருந்தால் படம் எடுத்து மெக்கானிக்கிடம் காட்டுங்கள்.

ஃபியூஸைத் தவறாமல் பாருங்கள். கண்ணாடி ஃபியூஸின் இடத்தில் செம்புக் கம்பியோ சிகரெட் தாளின் ஈயத்தகடோ சுற்றப்பட்டிருந்தால் அந்தச் செட்டின் வரலாறு நல்லதல்ல. அடிக்கடி ஃபியூஸ் போயிருக்கிறது, காரணத்தைக் கண்டுபிடிக்காமல் எவரோ மறைத்திருக்கிறார்கள். ஹீட் சிங்கில் உள்ள டிரான்சிஸ்டர்களின் எண்கள் இடப்பக்கத்துக்கும் வலப்பக்கத்துக்கும் ஒன்றாகவே இருக்க வேண்டும். ஒரு பக்கத்தில் மட்டும் வேறு எண் இருந்தால் அந்தப் பக்கம் ஒருமுறை எரிந்து மாற்றப்பட்டிருக்கிறது. மாற்றியது சரியாகச் செய்யப்பட்டிருந்தால் அதனால் பெரிய கெடுதல் இல்லை என்றாலும் விலையில் அது தெரிய வேண்டும்.

இனி மின்சாரம் கொடுக்கலாம். ஸ்பீக்கரை இணைக்காமல், வால்யூமை முழுவதும் குறைத்து, சீரிஸ் லாம்ப் வழியாகச் செட்டைச் செருகி சுவிட்சைப் போடுங்கள். பல்பு ஒரு கணம் பளிச்சென்று எரிந்து, கண்டென்சர்கள் நிரம்பியதும் மங்கிப்போக வேண்டும். மங்காமல் முழு வெளிச்சத்தில் நின்றால் உள்ளே எங்கோ ஷார்ட் இருக்கிறது, உடனே அணைத்துவிடுங்கள். பல்பு மங்கிவிட்டால் அதை விலக்கி நேரடி மின்சாரம் கொடுங்கள். ஸ்பீக்கரைச் சற்றுத் தாமதித்து இணைக்கும் பாதுகாப்பு ரிலே உள்ள செட்டாக இருந்தால் சில நொடிகளில் டிக் என்ற ஓசை கேட்கும். சீரிஸ் லாம்ப் இருக்கும்போது மின்னழுத்தம் குறைவதால் ரிலே இணையாமல் போகலாம், அதைப் பழுதென்று எண்ண வேண்டாம். நேரடி மின்சாரத்திலும் ரிலே இணையவில்லை என்றால், வெளியீட்டில் கோளாறு இருப்பதை அது கண்டுகொண்டு தடுக்கிறது என்றோ ரிலேவே பழுது என்றோ பொருள். இரண்டும் மெக்கானிக்கின் வேலை. விலையை அதற்கேற்பப் பேசலாம், அல்லது விட்டுவிடலாம்.

இப்போது மிக முக்கியமான அளவீடு. மல்டிமீட்டரை டி.சி. 20 வோல்ட்டில் வைத்து, ஒரு பக்க ஸ்பீக்கர் முனைகளில் கறுப்பையும் சிவப்பையும் தொடுங்கள். எண் பூச்சியத்தை ஒட்டி இருந்தால் 200 மில்லிவோல்ட்டுக்கு மாற்றி மீண்டும் பாருங்கள். இரு பக்கங்களிலும் 50 மில்லிவோல்ட்டுக்குள் இருந்தால் நல்லது. 100-ஐத் தாண்டினால் சரிசெய்ய வேண்டிய வேலை இருக்கிறது. ஒரு வோல்ட்டுக்கு மேல் காட்டினால் ஸ்பீக்கரை இணைக்கவே கூடாது, ஏனென்றால் இசையே இல்லாதபோதும் அந்த நேர்மின்சாரம் ஸ்பீக்கரின் சுருளைச் சூடேற்றி இறுதியில் எரித்துவிடும். ஒரு நிமிடம் கூட ஆகாத இந்தச் சோதனையைச் செய்யாமல் நல்ல ஸ்பீக்கரை எந்தப் பழைய செட்டோடும் இணைக்கக் கூடாது என்பதை நான் மிகுந்த அழுத்தத்தோடு சொல்கிறேன்.

பிறகு பழைய ஸ்பீக்கர்களை இணைத்து, பாட்டு போடாமல் காதை அருகில் கொண்டுபோங்கள். வால்யூம் பூச்சியத்தில் இருக்கும்போதே அடர்ந்த ரீங்காரம் கேட்டால் பெரும்பாலும் மின்வழங்கலின் ஃபில்டர் கண்டென்சர்கள் வலுவிழந்திருக்கின்றன. அவற்றை மாற்ற முடியும். வால்யூமைத் திருப்பும்போது வரும் கரகரப்பு அனேகமாக எல்லாப் பழைய செட்டுகளிலும் இருப்பது. காண்டாக்ட் கிளீனர் தெளித்துக் குமிழைப் பலமுறை முன்னும் பின்னும் சுழற்றினால் போய்விடும். துருவை இளக்கும் எண்ணெய்த் தெளிப்பானையோ பெட்ரோலையோ தின்னரையோ அதற்குள் விட எவரையும் அனுமதிக்காதீர்கள். உள்ளிருக்கும் கார்பன் தடத்தை அவை கெடுத்துவிடலாம்.

நன்கு பழகிய பாடல் ஒன்றை இப்போது கேளுங்கள். மோனோ பொத்தான் இருந்தால் அழுத்துங்கள். பாடகர் குரல் இரு ஸ்பீக்கர்களுக்கும் நடுவில் நிற்க வேண்டும். மிகக் குறைந்த வால்யூமில் குரல் ஒரு பக்கம் சாய்ந்தாலும், கூட்டியதும் நடுவுக்கு வந்துவிட்டால் அது பழைய குமிழ்களின் இயல்பு. எந்த நிலையிலும் ஒரு பக்கம் மங்கியோ உடைந்தோ கேட்டால் பழுது. தவிலோ செண்டையோ ஓங்கி ஒலிக்கும் பகுதியைச் சற்று உரக்க வைத்துக் கேளுங்கள். அடி விழும்போது முன்புற விளக்கு மங்கி ஒலியும் அமுங்கினால் மின்வழங்கல் தளர்ந்திருக்கிறது. அரைமணி நேரமாவது ஓடவிட்டு, செட்டை அணைத்த பின் இரு பக்க ஹீட் சிங்குகளின் சூட்டைப் புறங்கையால் ஒப்பிடுங்கள். இரண்டும் ஏறத்தாழ ஒரே வெதுவெதுப்பில் இருக்க வேண்டும். விற்பவர் அவசரப்படுத்தினாலும் இந்த அரைமணி நேரத்தை விட்டுக்கொடுக்காதீர்கள். சூடேறிய பின்பே வெளிப்படும் பழுதுகள் பல.

இணைப்புகள்

பழைய செட்டின் ஆக்ஸ் அல்லது டியூனர் என்று எழுதிய துளைகளில் கைபேசியையோ சி.டி. பிளேயரையோ இணைக்கலாம். அந்த உள்ளீடுகள் ஏறத்தாழ 150 மில்லிவோல்ட்டிலேயே முழு ஆற்றலைத் தருமாறு அமைந்தவை, சி.டி. பிளேயரோ 2 வோல்ட் வரை தரும். அதனால் குமிழைச் சிறிது திருப்பியதுமே ஒலி அறையை நிறைக்கும். செட் மிகுந்த ஆற்றலுடையது என்று அதைக் கொண்டு முடிவுகட்ட வேண்டாம். கைபேசியின் ஒலியளவைக் குறைத்துக்கொண்டால் குமிழை வசதியான இடத்தில் வைத்துக் கேட்கலாம். ஐரோப்பியச் செட்டுகளிலும் இந்தியத் தயாரிப்புகள் சிலவற்றிலும் வட்டமான ஐந்து முள் டின் துளை இருக்கும். அதற்கேற்ற கம்பி கடையில் கிடைக்கும், இல்லாவிட்டால் மெக்கானிக் செய்து தருவார்.

ஃபோனோ என்ற துளையில் இசைத்தட்டு பிளேயரைத் தவிர வேறு எதையும் செருகக் கூடாது. மூவிங் மேக்னட் ஊசியிலிருந்து வரும் சில மில்லிவோல்ட் அளவிலான மெல்லிய சைகையைப் பெருக்கி, தட்டில் பதியும்போது குறைத்த தாழ்சுருதியை மீட்டுத் தரும் தனிச் சுற்று அதன் பின்னால் இருக்கிறது. இசைத்தட்டு கேட்கும் எண்ணம் உள்ளவருக்குப் பழைய ஆம்ப்ளிஃபையர் தரும் பெரிய இலாபம் இதுவே: புதிய கருவிகளில் தனியாக வாங்க வேண்டிய ஒன்று இதில் உள்ளேயே இருக்கிறது. ஆனால் அக்கால மலிவு ரெக்கார்டு பிளேயர்களில் இருந்த செராமிக் ஊசியின் சைகை வலுவானது. அதை ஆக்ஸில் இணைக்க வேண்டும்.

மெக்கானிக்கும் பணமும்

செட்டைத் தேடுவதற்கு முன்பே மெக்கானிக்கைத் தேடி வையுங்கள். டி.வி., ரேடியோ பழுதுபார்த்து வந்த மூத்த தலைமுறையினர் குழித்துறையிலும் நாகர்கோவிலிலும் திருவனந்தபுரத்தில் சாலைக் கம்போளம் என்ற சந்தையைச் சுற்றியும் இன்னும் தொழில் செய்கிறார்கள் என்றாலும் அவர்கள் எண்ணிக்கை குறைந்துகொண்டே வருகிறது. நீங்கள் வாங்க நினைக்கும் மாடலின் படத்தைக் காட்டி, இதை எடுத்தால் பார்த்துத் தருவீர்களா என்று முன்கூட்டியே கேளுங்கள். பாகத்தை மாற்றும்போது பழைய பாகத்தைத் திருப்பித் தரும்படியும், ஒரு பக்கம் டிரான்சிஸ்டர் போனால் அந்தப் பக்கத்து ஜோடியை முழுவதும் மாற்றும்படியும், புதிய டிரான்சிஸ்டர் போட்டபின் பயாஸ் அளவை (இசை இல்லாதபோதும் டிரான்சிஸ்டரில் ஓடும் சிறு மின்னோட்டத்தை) சரிபார்க்கும்படியும் பணிவோடு கேட்டுக்கொள்ளுங்கள். தன் வேலையில் அக்கறையுள்ளவர் இந்தக் கேள்விகளால் வருத்தப்பட மாட்டார். கண்டென்சர்கள் அனைத்தையும் மாற்றியே தீர வேண்டும் என்பது தேவையற்ற அச்சம். ரீங்காரமும் உப்பலும் கசிவும் இல்லாதபோது அவற்றை விட்டுவைப்பதே நல்லது. அடிக்கடி சாலிடர் வைத்தால் பழைய பலகையின் செம்புத் தடம் உரிந்து வரும்.

கையில் உள்ள பணம் முழுவதையும் செட்டுக்குக் கொடுத்துவிடக் கூடாது. எடுத்துக்காட்டாக, 12,000 ரூபாய் ஒதுக்கியிருந்தால் செட்டுக்கு 8,000-க்கு மேல் போகாமல், எஞ்சியதைப் பழுதுபார்ப்புக்கும் கம்பிகளுக்கும் வைத்துக்கொள்வது என் பரிந்துரை. ஸ்பீக்கர் கணக்கு தனி. ஓடாத செட் பாதி விலைக்கு வருகிறதென்று தொடக்கக்காரர் எடுத்துவிட்டால், மீதிப் பாதியும் அதற்கு மேலும் மெக்கானிக் கடையில் செலவாவதே பெரும்பாலும் நடக்கிறது.

வீட்டுக்கு வந்த பின்

ஸ்பீக்கர்களின் மின்தடையைக் குறிக்கும் ஓம் எண்ணைச் செட்டின் பின்புறத் தகட்டோடு ஒத்துப் பாருங்கள். 8 ஓம் என்று மட்டும் எழுதியிருந்தால் காரிலிருந்து கழற்றிய 4 ஓம் ஸ்பீக்கர்களை இணைக்கக் கூடாது. ஏ, பி என்று இரண்டு ஜோடிகளுக்கு இடமிருந்து இரண்டையும் ஒரே நேரத்தில் இயக்கினால், பெரும்பாலான செட்டுகளில் இரண்டு 8 ஓம் சேர்ந்து 4 ஓமாகிவிடும். கம்பியின் ஒரு இழைகூட அடுத்த முனையைத் தொடாதவாறு முறுக்கி இணையுங்கள். ஒரு மயிரிழை தொட்டாலே வெளியீட்டு டிரான்சிஸ்டர்கள் போய்விடும்.

செட்டின் மேல் எதையும் வைக்காமல், மேற்புறத்தில் ஒரு சாண் இடமாவது விட்டு, சுவரிலிருந்து சற்றுத் தள்ளி வையுங்கள். துருப்பிடித்த இரும்பு உடலும் இரண்டு கம்பி மட்டும் கொண்ட பழைய மெயின் கம்பியும் உள்ள செட்டைத் தொட்டால் சுருக்கென்றால், பயன்படுத்துவதை நிறுத்தி மெக்கானிக்கிடம் கொண்டுபோங்கள். இடவப்பாதி என்னும் தென்மேற்குப் பருவமழையும் துலாவர்ஷம் என்னும் வடகிழக்குப் பருவமழையும் இரண்டும் பெய்யும் மண் இது. ஈரம் நிறைந்த மாதங்களில் செட்டை மூட்டைகட்டி வைப்பதைவிட, வாரத்துக்கு இருமுறையாவது ஒரு மணி நேரம் ஓடவிடுவது நல்லது. உள்ளே எழும் சூடு ஈரத்தை வெளியேற்றும், சுவிட்சுகளும் இயங்கிக்கொண்டிருக்கும். துலாமாத (ஐப்பசி) மாலைகளில் இடி முழங்கத் தொடங்கியதும் சுவிட்சை அணைப்பதோடு நில்லாமல் பிளக்கைப் பிடுங்கிவிடுங்கள். ரேடியோவும் சேர்ந்த செட்டாக இருந்தால் ஏரியல் கம்பியையும் கழற்றி வையுங்கள்.